ஓடைக்கு ஊர் எல்லை கிடையாது

மருந்து அடிக்காத வயலுக்குக் குளவி, தேனீ, தவளை, ஆந்தை எல்லாம் வரும் என்று நாம பேசிக்கிறோம். வரும்தான். ஆனா எங்கேருந்து வரும்? பக்கத்துக் குன்று, கண்மாய்க்கரை, ஓடைப் புறம்போக்கு, கோயில்காடு இங்கேருந்துதான் வரணும். குன்று ஒரு ஊராட்சியில, ஓடை இன்னொன்றில, கண்மாய் மூணாவது ஊரில இருக்கும். ஒரு ஊர் மட்டும் காப்பாத்தினா அது தனித்தீவாகத்தான் நிற்கும்.

இதை மதுரை மாவட்டத்து ஊர்கள் சமீபத்தில் காட்டியிருக்கின்றன. மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியும் மதுரை கிழக்கு வட்டத்து மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. எறும்புத்தின்னி, தேவாங்கு, வல்லூறு வாழும் இடம். வல்லூறு கூடு கட்டுவது பாறையில். இரை தேடுவது சுற்றுவட்டார வயல்வெளியில். அந்த வயல்வெளிக்கு 193 ஹெக்டேர் எல்லை தெரியுமா?

2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தது. திட்டப் பரப்பு 2,015 ஹெக்டேர். அரிட்டாபட்டி மட்டுமல்ல, அ.வல்லாளபட்டி பேரூராட்சி, நரசிங்கம்பட்டி, கிடாரிப்பட்டி, எட்டிமங்கலம் எல்லாம் அதில் அடக்கம். ஊர்கள் கிராம சபையில் தீர்மானம் போட்டன. டிசம்பர் கடைசியில், பாரம்பரியத் தலத்தை மட்டும் விலக்கி எல்லையை மாற்றலாமா என்று ஆராயச் சொன்னது ஒன்றிய அரசு. இந்த இடத்தைத்தான் நாம கவனிக்கணும். தலத்தின் அளவு திட்டப் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 'எங்க ஊர் தப்பிச்சா போதும்' என்று ஒரு ஊர் ஒதுங்கியிருந்தால் மற்றது போயிருக்கும். யாரும் ஒதுங்கலை. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

ஆபத்து வந்த பிறகுதான் சேரணுமா? 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும்; மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதணும். உங்க ஊரில் அந்தக் குழு இருக்கா, யார் உறுப்பினர் என்று முதலில் கேளுங்க.

அடுத்து, ஒரே ஒரு ஓடையை எடுத்துக்குங்க. அது வரும் ஊர்களின் உழவர்கள் சேர்ந்து தலையிலிருந்து கண்மாய் வரை நடந்து பாருங்க. சர்வே எண், ஆக்கிரமிப்பு, மிச்சமுள்ள மரம் எல்லாத்தையும் குறிச்சு, ஒரே வாசகத்தில் தீர்மானம் எழுதி, ஒவ்வொரு ஊர் கிராம சபையிலும் ஒரே நாளில் வையுங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருசத்துக்கு ஆறு வாய்ப்பு இருக்கு.

கரையில் சீமைக்கருவேல் இருந்தா ஒரேயடியா பிடுங்காதீங்க, மண் சரியும். கொஞ்சம் கொஞ்சமா எடுத்து, அந்த இடத்தில் நொச்சி, புங்கன், நீர்மருது வையுங்க. ஓடையை ஒட்டி நம்ம நிலம் இருந்தால், நாலடி உழாமல் விடுவதை நாமே தொடங்கலாம். அதைப் பார்த்தபிறகு பக்கத்து ஊர்க்காரரிடம் பேசுவது சுலபம்.