குற்றாலம் போற வழியில் ஒரு நாள்: புளியங்குடியில் இறங்கிப் பாருங்க!

குற்றாலத்துக்கு பஸ் ஏறுகிறவர்கள் புளியங்குடியில் இறங்குவதில்லை. பஸ் நின்றால் ஒரு டீ. டிரைவர் ஹாரன் அடித்ததும் ஒரே ஓட்டம். அவ்வளவுதான் நமக்கும் அந்த ஊருக்கும் உள்ள பழக்கம்!

அடுத்த லீவுக்கு அங்கேயே இறங்கிவிடுங்கள். ஒரு நாள் பொழுது நன்றாகப் போகும். பர்சும் ரொம்ப இளைக்காது.

எப்படிப் போவது?

மதுரையில் தென்காசி பஸ் ஏறினால் ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர் தாண்டி புளியங்குடி. விடியற்காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேரலாம். ரெயிலில் வருகிறவர்கள் சங்கரன்கோவிலில் இறங்கி பஸ் பிடிக்கலாம்.

மஞ்சள் மார்க்கெட்

முதலில் வயிற்றைக் கவனியுங்கள். பஸ் நிலையம் பக்கம் சூடாக இட்லியும் உளுந்தவடையும் கிடைக்கும். அப்புறம் நேராக எலுமிச்சை மார்க்கெட். நடக்கிற நாள்தானா என்று டீக்கடையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

'எலுமிச்சை நகரம்' என்றே இந்த ஊருக்குப் பேர். மலையடிவாரத் தோட்டத்துக் காய்கள் சாக்கு சாக்காக வந்து இறங்கும். பெருசு, சிறுசு, பச்சை, பழம் என்று தரம் பிரிப்பார்கள். பாதிக்கு மேல் லாரி ஏறுவது கேரளத்துக்கும் வெளியூர்களுக்கும்தான்!

2025-ம் ஆண்டு புளியங்குடி எலுமிச்சைக்கு புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்க் காயை இனி இந்தப் பேரில் விற்க முடியாது.

பேருக்குக் காவல் வந்தாச்சு. விலைக்கு?

அங்கேதான் இருக்கிறது சங்கதி. கோடையில் ஜூஸ் கடைகள் போட்டி போட்டு வாங்கும். 2022 ஏப்ரலில் நாடு முழுக்க கிலோ 200 ரூபாயைத் தாண்டியது ஞாபகம் இருக்கலாம். மழை பிடித்து வரத்து கூடினாலோ விலை சரிந்துவிடும். முள்ளில் கை கிழியப் பறிக்கிற ஆளுக்குக் கூலி கொடுக்கவே காய் விற்ற காசு பத்தாது. அப்போது காய் மரத்தடியிலேயே கிடந்து அழுகும். காத்திருந்து விற்கலாமென்றால் எலுமிச்சை தாங்காதே!

மதியம் சங்கரன்கோவில்

அரை மணி நேர பஸ் பயணத்தில் சங்கரன்கோவில். சிவனும் திருமாலும் ஒரே திருமேனியாக நிற்கும் சங்கரநாராயணர் கோவில். புற்று மண்தான் இங்கே பிரசாதம். ஆடித்தபசு சமயம் போனால் கூட்டத்தில் நிற்க இடம் இருக்காது.

மதியம் நடை சாத்திவிடுவார்கள். அதனால் முதலில் சாப்பாடு. அசைவக்காரர்களுக்கு இந்த ஊர் மட்டன் பிரியாணி. சைவக்காரர்களுக்கு இலை போட்டுச் சாப்பாடு. நடை திறந்ததும் தரிசனம்.

சரித்திரம் பிடித்தவர்கள் வாசுதேவநல்லூர் பக்கம் நெற்கட்டும்செவலுக்கு ஒரு நடை போகலாம். 1750-களிலேயே நவாப்புக்கும் கம்பெனிக்கும் வரி கட்ட மாட்டேன் என்ற பூலித்தேவனின் ஊர் அது.

திரும்பும் நேரம்

பஸ் ஏறுமுன் எலுமிச்சை பிழிந்த ஒரு நன்னாரி சர்பத். அலைந்த களைப்பு போன இடம் தெரியாது.

புளியங்குடியிலேயே பையில் 2 கிலோ எலுமிச்சை வாங்கிப் போட்டிருந்தால் வீட்டுக்காரம்மா ஊறுகாய் போட்டுவிடுவார். ஒன்று மட்டும்: அங்கே பேரம் பேசாதீர்கள். நீங்கள் குறைக்கிற 5 ரூபாய், தோட்டக்காரர் கையில் நிற்க வேண்டிய காசு!