பிளாக் ஹோலும் ஒரு டிஷ்யூ டப்பாவும்

2019 ஏப்ரலில் எல்லாப் பேப்பர்களிலும் வந்த அந்த மங்கலான ஆரஞ்சு வளையம் ஞாபகமிருக்கிறதா? 'மெதுவடை' என்றார் என் ஆபீஸ் நண்பர். வடைதான். எம்87 காலக்ஸியின் நடுவே, ஐந்தரைக் கோடி ஒளிவருஷ தூரத்தில் இருக்கும் பிளாக் ஹோலின் நிழல். எடை சுமார் 650 கோடி சூரியன்!

இதை எடுத்தது காமிரா இல்லை, ரேடியோ. 2017 ஏப்ரலில் ஹவாய், மெக்ஸிகோ, சிலி, ஸ்பெயின், தென்துருவம் என்று பரவியிருந்த எட்டு டெலஸ்கோப்கள் கூட்டாக 1.3 மில்லிமீட்டர் அலையைக் கேட்டு, அணுக் கடிகார நேரத்தோடு பதிவு செய்தன. பதிவுகளைப் பொருத்திப் பார்த்தால், பூமி சைஸுக்கு ஒரே டிஷ் வைத்த மாதிரி. டிஷ்களுக்கு நடுவே தூரம் கூடக் கூடப் படம் துல்லியமாகும்.

பூமியின் குறுக்களவோ 12,700 கிலோமீட்டர்தான். அதற்கு மேல் தள்ளி நிற்க வேண்டுமானால் ஸாட்டிலைட்தான் கதி. போயிருக்கிறார்கள். ஜப்பான் 1997-இல் ஹால்கா, ரஷ்யா 2011-இல் ஸ்பெக்ட்ர்-ஆர். ரஷ்யாவின் 10 மீட்டர் டிஷ் கிட்டத்தட்ட சந்திரன் தூரம் வரை போய் வந்தது. ஆனால் இரண்டும் கேட்டவை நீளமான சென்டிமீட்டர் அலைகள். நிழல் தெரிய மில்லிமீட்டர் வேண்டும்.

அதைவிடப் பெரிய தலைவலி, கேட்டதைக் கீழே இறக்குவது. ஸ்பெக்ட்ர்-ஆர் அனுப்பியது ஸெகண்டுக்கு 128 மெகாபிட். 2017-இல் தரையிலிருந்த ஒவ்வொரு டெலஸ்கோப்பும் பதிவு செய்தது 32 கிகாபிட், அதாவது 250 மடங்கு! இவ்வளவை எந்த ஒயரிலும் அனுப்பி மாளாது என்று அரை டன் ஹார்ட் டிஸ்க்குகளைப் பெட்டி கட்டி ப்ளேனில் ஏற்றினார்கள். தென்துருவத்துப் பெட்டிகள் குளிர்காலம் முடிந்து டிசம்பரில்தான் வந்து சேர்ந்தன. (நம் கூரியர்காரரைத் திட்டாதீர்கள்.) ஸாட்டிலைட்டுக்கு ப்ளேன் அனுப்ப முடியுமா?

இங்கேதான் எனக்குப் பிடித்த ஹீரோ வருகிறார். நாசா 2022 மே மாதம் ஒரு குட்டி ஸாட்டிலைட்டில் டிபேர்ட் என்ற லேஸர் கருவியை அனுப்பியது. டிஷ்யூ பேப்பர் டப்பா சைஸ்தான். 2023-இல் அது ஸெகண்டுக்கு 200 கிகாபிட் இறக்கிக் காட்டிவிட்டது!

அந்த தைரியத்தில் 2024-இல் விஞ்ஞானிகள் ஒரு திட்டத்தை விவரித்தார்கள். பெயர் 'பிளாக் ஹோல் எக்ஸ்ப்ளோரர்'. 3.5 மீட்டர் டிஷ், மிக மிக நிலையாகத் துடிக்கும் ஓர் ஆஸிலேட்டர், ஒரு லேஸர். 2031-இல் ஏவ ஆசை. டிஷ் சின்னதாச்சே என்று கவலைப்பட வேண்டாம். கீழே சிலியின் அல்மா மாதிரி பெரிய ஆசாமியோடு ஜோடி சேர்ந்தால் அவர் பலத்தில் பாதிக் கிணறு தாண்டலாம். மீதிக்கு மற்ற டெலஸ்கோப்கள் இருக்கின்றன. தேடப்போவது வடைக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு மெல்லிய வளையத்தை: பிளாக் ஹோலை அரைச் சுற்று சுற்றிவிட்டுத் தப்பி வந்த ஒளி. அதன் அளவையும் வடிவத்தையும் வைத்து பிளாக் ஹோல் எத்தனை வேகத்தில் சுழல்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம்.