நாற்பதில் கூடைப்பந்து: குதிகால் நாண் ஏன் அறுகிறது?

பள்ளியில் கூடைப்பந்து ஆடியவர் நாற்பது வயதில் மீண்டும் களமிறங்கும்போது மூச்சு வாங்குவதைத்தான் முதல் தடையாக நினைக்கிறார். பெரிய அபாயம் கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் அக்கிலீஸ் தசைநாணில் இருக்கிறது. சில வாரப் பயிற்சியில் இதயமும் தசையும் தேறிவிடும். ரத்த ஓட்டம் குறைந்த நாணுக்கு மாதக்கணக்கில் ஆகும். அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட கார்பன்-14ஐக் கொண்டு டென்மார்க் ஆய்வாளர்கள் அளந்து, 2013இல் வெளியிட்ட முடிவு வியப்பானது: அந்த நாணின் மையத் திசு, வளரும் பருவம் முடிந்தபின் ஏறக்குறையப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. ஆக, வலுவேறிய தசை, தயாராகாத நாணை இழுக்கிறது. பின்காலை ஊன்றி, முழங்கால் நிமிரச் சட்டென்று முன்னே பாயும் கணத்தில்தான் பெரும்பாலும் அறுகிறது. யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் இருந்தது என்பார்கள் அடிபட்டவர்கள்.

‘தினமும் நடக்கிறேனே, போதாதா?’ என்று கேட்கலாம். நடை உடலுக்கு நல்லதே. ஆனால் பாய்ச்சலின் சுமைக்கு அது நாணைப் பழக்குவதில்லை. ஆடாமலே இருந்துவிடுவதும் தீர்வல்ல. சுமை படாத நாண் தளரும்; படிப்படியாகச் சுமை ஏற்றினால், நடு வயதிலும் உறுதி கூடும். எனவே படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல ஏற்றி இறக்கும் பயிற்சியை இரண்டு மூன்று மாதம் செய்யுங்கள். பிறகு சிறு குதிப்புகள், அதன்பின் அரைக்கள ஆட்டம். காலையில் குதிகால் விறைத்து வலித்தால், அன்று பந்தைத் தொடாதீர்கள்.