உங்கள் மானிட்டரில் உள்ள தமிழ் எங்கிருந்து வருகிறது?

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று, இன்டர்நெட் இணைப்பும் வந்தாயிற்று. முதல் வாரம் பாட்டு, படம், வெளியூரில் இருக்கும் பேரப் பிள்ளைகளுடன் வீடியோ பேச்சு என்று ஓடிவிடும். அதன்பின் "அடுத்து என்ன செய்வது?" என்ற கேள்வி வரும்.

திசையன்விளையில் இதே கேள்வியை ஒரு அண்ணாச்சி என்னிடம் கேட்டார். கருப்பட்டி வியாபாரத்தை மூத்த மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருப்பவர். வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் இளைய மகன் அவருக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். அதை அமைத்துத் தரச் சென்றபோது, "என்ன பார்க்கணும் சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். "புதுமைப்பித்தன் கதை கிடைக்குமா தம்பி?" என்றார். மதுரைத் திட்டத்தின் இணையதளத்தைத் திறந்து ஒரு தொகுப்பை எடுத்துக் கொடுத்தேன்.

கண்ணாடியைச் சரிசெய்து கொண்டு படிக்கத் தொடங்கியவர், கதைக்கு வரும் முன்பே நின்றுவிட்டார். "கதை நம்ம திருநெல்வேலிக்காரர் எழுதினது. மேலே சுவிட்சர்லாந்துன்னு போட்டிருக்கே, அது எதுக்கு?"

நாம் படிக்கும் இணையத் தமிழை உருவாக்கியவர்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள்? அண்ணாச்சிக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சற்று விரிவாகத் தருகிறேன்.

முதல் பக்கத்தில் ஊர்ப் பெயர்கள்

மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளன்று தொடங்கப்பட்டது. தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக்கி, இன்டர்நெட்டில் இலவசமாகத் தருவதே இதன் நோக்கம். பெயரில்தான் மதுரை இருக்கிறது. திட்டத்தை நடத்திய முனைவர் கு. கல்யாணசுந்தரம் இருந்தது சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில். அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி அவருடைய பணி. துணைத் தலைவரான முனைவர் குமார் மல்லிகார்ஜுனன் அப்போது இருந்தது அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தின் பிளாக்ஸ்பர்க் என்னும் ஊரில். யாருக்கும் சம்பளம் கிடையாது. அலுவலக வேலை முடிந்து கிடைக்கும் நேரத்தில் செய்யப்படுகிற பணி இது.

இந்த மின்னூல்களில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. நூலை டைப் செய்தவர் யார், பிழை திருத்தியவர் யார், பைலாக்கி வெளியிட்டவர் யார் என்று தொடக்கத்திலேயே நன்றியுடன் குறிப்பிடுகிறார்கள். பல நூல்களில் அவர்களின் ஊரும் நாடும்கூட இருக்கும். அந்தக் குறிப்புகளை மட்டும் தொடர்ந்து படித்தாலே, உலகப் படத்தில் நீங்கள் ஊர்களைக் குறித்துக் கொண்டே போகலாம்.

ஏன் வெளிநாடுகளில்?

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பு 1995 ஆகஸ்ட் 15ல்தான் கிடைக்கத் தொடங்கியது. அதுவும் சென்னை உள்ளிட்ட சில பெருநகரங்களில் மட்டுமே. வெளிநாட்டுப் பல்கலைக் கழகங்களில் அதற்கு முன்பே இணைப்பு இருந்தது. அங்கு படிக்கவும் ஆராய்ச்சி செய்யவும் சென்ற தமிழர்கள், தங்கள் மொழியைத் திரையில் காண ஆசைப்பட்டார்கள். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சி மொழிகளுள் ஒன்று. எனவே அங்கே பள்ளிக்கும் அரசுக்கும் கம்ப்யூட்டரில் தமிழ் தேவைப்பட்டது. இலங்கையிலிருந்து 1983க்குப் பின் பெருந்தொகையாக வெளியேறியவர்கள் கனடா, பிரிட்டன், நார்வே, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரேலியா என்று பரவினார்கள். ஊரை விட்டுப் பிரிந்தவர்களுக்கு மொழியே ஊராக இருந்தது.

ஆனால் ஒரு சிக்கல். அந்நாளில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒவ்வொரு முறையில் அமைந்திருந்தது. ஒருவர் டைப் செய்து அனுப்பியதை, அதே எழுத்துரு இல்லாத இன்னொருவர் திறந்தால் புரியாத குறிகளே தெரியும். இதைத் தீர்க்கவும் பல நாட்டுக்காரர்களே கூடினார்கள். சிங்கப்பூரில் ஆசிரியர் நா. கோவிந்தசாமியும், மலேசியாவில் முரசு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறனும், லோசானில் கல்யாணசுந்தரமும், சென்னை அறிஞர்களும் இதில் ஈடுபட்டனர். 1997ல் சிங்கப்பூரிலும், 1999ல் சென்னையிலும் மாநாடுகள் நடந்தன. தமிழ் 99 கீ போர்டு முறை சென்னை மாநாட்டின் பயன். உத்தமம் அமைப்பு 2000ஆம் ஆண்டில் உருவானது.

இன்று நாம் பயன்படுத்துவது யூனிகோட் முறை. இதில் தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 'அ' எழுத்தின் எண் 2949; 'க' எழுத்தின் எண் 2965. திசையன்விளையில் டைப் செய்தாலும் டொரன்டோவில் டைப் செய்தாலும் இந்த எண் மாறாது. எனவேதான் இன்று எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழைத் திறந்தவுடன் படிக்க முடிகிறது.

நம் ஊரில் 9 மணி

உறுப்பினர்கள் பல நாடுகளில் இருப்பதில் ஒரு வசதியும் உண்டு. ஜனவரி மாதத்தில் ஒரு நாள், திசையன்விளையில் இரவு 9 மணி என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்நேரம் துபாயில் மாலை 7.30. லோசானில் மாலை 4.30. டொரன்டோவிலும் பிளாக்ஸ்பர்க்கிலும் காலை 10.30. சிங்கப்பூரில் இரவு 11.30. சிட்னியில் மறுநாள் அதிகாலை 2.30. நாம் ஒரு பக்கத்தை டைப் செய்து வைத்துவிட்டுப் படுத்தால், காலையில் எழுவதற்குள் அமெரிக்காவில் ஒருவர் அதில் பிழை திருத்தி முடித்திருக்கலாம். இரவும் பகலும் வேலை நிற்பதில்லை.

இதை நேரில் காண வேண்டுமா? தமிழ் விக்கிப்பீடியாவில் ஏதேனும் ஒரு கட்டுரையைத் திறந்து, மேற்பகுதியில் உள்ள வரலாறு என்ற இடத்தில் கிளிக் செய்திடுங்கள். அந்தக் கட்டுரையை யார், எந்த நாளில், எத்தனை மணிக்குத் திருத்தினார்கள் என்ற பட்டியல் கிடைக்கும். நேரம் கிரீன்விச் கணக்கில் இருந்தால் 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டிக் கொள்ளுங்கள். நம் நேரம் கிடைத்துவிடும்.

தமிழ் விக்கிப்பீடியா 2003ல் தொடங்கியது. அந்த ஆண்டின் இறுதியில் அதில் எழுதத் தொடங்கி, தொடர்ந்து வளர்த்தவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், தொழில் கட்டடக் கலை, வாழ்ந்தது ஐக்கிய அரபு அமீரகத்தில். திசையன்விளைப் பக்கத்துப் பிள்ளைகள் வேலைக்குப் போகும் அதே வளைகுடா மண்ணில் இருந்துதான் அவர் எழுதினார். பின்னர் இலங்கை, இந்தியா, கனடா, ஆஸ்திரேலியா எனப் பல நாட்டினர் சேர்ந்தார்கள். 2017 மே மாதத்தில் கட்டுரைகளின் எண்ணிக்கை 1 லட்சத்தைத் தொட்டது.

இலங்கைத் தமிழ் நூல்களை ஸ்கேன் செய்து பாதுகாக்கும் நூலகம் திட்டம் 2005ல் தொடங்கியது. 1981ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97 ஆயிரம் நூல்கள் அழிந்தன. ஒரே கட்டடத்தில் இருந்தவை ஒரே இரவில் போயின. பல நாடுகளில் பல கம்ப்யூட்டர்களில் நகல்கள் இருந்தால் அப்படிப் போகாது. உறுப்பினர்கள் உலகெங்கும் இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை இதிலிருந்து அறியலாம்.

இருப்பிடம் தெரிவது நல்லதா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இன்டர்நெட்டில் இணையும் ஒவ்வொரு இணைப்பிற்கும் ஐ.பி. முகவரி என்ற ஓர் எண் உண்டு. அதை வைத்து உங்கள் ஊரைக் கணிக்க முடியும். ஆனால் இந்தக் கணிப்பு பெரும்பாலும் இணைப்பு தரும் நிறுவனத்தின் மையத்தைத்தான் காட்டும். நீங்கள் திசையன்விளையில் இருக்க, கம்ப்யூட்டர் உங்களைச் சென்னைவாசி என்று சொன்னால் பயப்பட வேண்டாம். பழுது ஒன்றும் இல்லை.

எந்த இணையக் குழுவில் சேர்ந்தாலும் ஊர்ப் பெயர் வரை சொன்னால் போதும். வீட்டு முகவரி, போன் எண், பிறந்த தேதி வேண்டாம். மொபைல் போனில் எடுக்கும் போட்டோவுக்குள் எடுத்த இடத்தின் குறிப்பும் பதிவாகலாம். கோயில், கடற்கரைப் படம் என்றால் அது பயன்தான். வீட்டுப் படம் என்றால், கேமரா செட்டிங்ஸில் லொகேஷன் வசதியை நிறுத்திவிட்டு எடுங்கள்.

நம் ஊர் எங்கே?

இவ்வளவையும் கேட்ட அண்ணாச்சி, "லோசான் இருக்கு, சிங்கப்பூர் இருக்கு. நம்ம ஊரு இருக்கா?" என்று கேட்டார்.

திசையன்விளைக்குப் பக்கத்தில் இருக்கிறது இடையன்குடி. ராபர்ட் கால்டுவெல் 1841ல் அங்கு வந்து பல்லாண்டுகள் வாழ்ந்தார். இந்தப் பகுதியில் தங்கிக் கற்ற தமிழின் துணையுடன் அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856ல் லண்டனில் வெளியாயிற்று. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869ல்தான். அதற்கும் முன்பே தேரிக்காட்டுக்கும் லண்டனுக்கும் தமிழால் ஒரு பாதை இருந்திருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணில் இருந்து, இன்று வீட்டுக்கு வீடு இணைப்பு இருக்கும்போது, எத்தனை பேர் எழுதுகிறோம்?

கேள்வி பெருமைக்காக அல்ல. பழைய இலக்கியத்தை லோசானில் இருந்தும் டைப் செய்யலாம். கருப்பட்டி காய்ச்சும் விடிலியைப் பற்றி யார் எழுதுவார்? கூப்பனி எந்தப் பதத்தில் வரும், வடலிக்கும் பனைக்கும் என்ன வேறுபாடு, பதநீர் குடிக்கும் ஓலைப் பட்டையை எப்படி மடிப்பது என்பதெல்லாம் பனையேறியவருக்கும் அவரோடு தொழில் செய்தவருக்கும்தான் தெரியும். பனையேறுவோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். அந்தச் சொற்கள் அவர்களுடனேயே போய்விட்டால், எந்த நாட்டில் எத்தனை கம்ப்யூட்டர் இருந்தும் திரும்பக் கிடைக்காது.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் கம்ப்யூட்டரில் தமிழ் டைப் செய்யும் வசதியை அமைத்துக் கொள்ளுங்கள். விண்டோஸ் சிஸ்டத்தில் செட்டிங்ஸ் திறந்து, டைம் அண்ட் லாங்குவேஜ் பிரிவில் மொழிகளுக்கான பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்திடுங்கள். பின்னர் விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலத்திற்கும் தமிழுக்கும் மாறி மாறிச் செல்லலாம்.

டைப் செய்வது சிரமமாக இருந்தால் பிழை திருத்தத்தில் தொடங்குங்கள். தமிழ் விக்கிமூலம் தளத்தில் பழைய நூல்களின் ஸ்கேன் செய்யப்பட்ட பக்கம் ஒருபுறமும், கம்ப்யூட்டர் தானே படித்துத் தந்த எழுத்து மறுபுறமும் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். திருத்தப்படாத பக்கம் சிவப்பு. ஒருவர் திருத்தி முடித்தது மஞ்சள். இன்னொருவரும் சரிபார்த்தது பச்சை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும்.

இந்த வேலைக்கு வயதானவர்கள் மிகவும் ஏற்றவர்கள். 1978ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வருவதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, னை போன்றவை பழைய கொம்பு வடிவில் இருக்கும். 'ர' எழுத்தையும் துணைக்காலையும் கம்ப்யூட்டர் அடிக்கடி குழப்பிக் கொள்ளும். இளைஞர்கள் தடுமாறும் இடங்களை, அந்த எழுத்தில் படித்து வளர்ந்தவர்கள் எளிதாகக் கடந்து விடுவார்கள்.

முழு நூலை நீங்களே தர விரும்பினால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். அல்லது அந்நூல் நாட்டுடைமையாக்கப்பட்டிருக்க வேண்டும். நேற்று வாங்கிய புது நாவலை ஸ்கேன் செய்து தருவது குற்றமாகும்.

உங்கள் பகுதிச் சொற்களைப் பதிய தமிழ் விக்சனரி இருக்கிறது. உங்கள் ஊர்க் கட்டுரையில் விடுபட்டதைச் சேர்க்க விக்கிப்பீடியா இருக்கிறது. இரண்டிலும் கட்டணம் இல்லை, பட்டம் வேண்டியதில்லை. விக்கிப்பீடியாவில் மட்டும் செய்திக்கு ஆதாரமாக ஒரு நூலோ பத்திரிகையோ காட்டினால் நல்லது. கணக்கு ஒன்றைத் தொடங்கிக் கொண்டு எழுதினால் உங்கள் ஐ.பி. முகவரியும் பிறர் கண்ணில் படாது.

அண்ணாச்சி அன்று கற்றுக் கொண்டது ஒரு விரலால் டைப் செய்வதை மட்டும்தான். ஆங்கில எழுத்தை வைத்துத் தமிழ் வரவழைக்கும் முறையில் விசைகளைத் தேடித் தேடித் தட்டி, 'கூப்பனி' என்ற சொல்லை ஒரு வழியாகக் கொண்டுவந்தார். அதற்கு எதிரே பொருள் எழுத இன்னும் பத்து நிமிடம் ஆயிற்று. "போதுமா தம்பி, இல்ல இன்னும் ஒரு வரி சேர்க்கணுமா?" என்று கேட்டார். சேர்க்கலாம் என்றேன்.

புதிய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நீங்களும் உங்கள் ஊர்ச் சொல் ஒன்றில் தொடங்கிப் பாருங்களேன்.