கொத்தலஹிம்புட்டுக் குவளையில் இறங்குவது என்ன?

கண்டி நகரக் கடைகளிலும், அங்கிருந்து மாவனல்லை, மாத்தளை போகும் வீதிகளின் வாசனைச் சரக்குத் தோட்டங்களிலும் ஒரு மரக்குவளை விற்கிறார்கள். "சீனி வருத்தத்துக்கு நல்லம். ராவைக்குத் தண்ணிய ஊத்தி வெச்சி, காலைல வெறும் வயித்துல குடிங்க" என்று சொல்லித் தருவார்கள். அக்குறணையிலும் மடவளையிலும் பல வீட்டு அலுமாரிகளில் இந்தக் குவளை இருக்கிறது. கொத்தலஹிம்புட்டு என்பது சிங்களப் பெயர். தமிழ் வைத்தியர்கள் பொன்கொரண்டி என்பார்கள். தாவரவியலில் சலேசியா ரெட்டிகுலாற்றா. மற்ற மரங்களைப் பற்றி ஏறும் பெருங்கொடி அது.

அந்தத் தண்ணீரில் உண்மையில் என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்கு இரசாயனம் பதில் சொல்லக் கொஞ்சம் காலம் எடுத்தது.

பேராதனைப் பல்கலைக்கழகம் நம் நாட்டு மூலிகை இரசாயன ஆய்வின் தாய்வீடு. பேராதனையைச் சேர்ந்த வி. குமாரும், எம்.ஐ.எம். வசீர், டி.பி.டி. விஜேரத்ன ஆகியோரும் இந்தச் செடியின் ஒரு வகையிலிருந்து புதிய திரைதேர்பீன் ஒன்றைப் பிரித்து, அதன் கட்டமைப்பை 1985இல் சர்வதேச ஆய்விதழில் வெளியிட்டார்கள். திரைதேர்பீன்கள் 30 காபன் கொண்ட, கொழுப்போடு சேரும் பொருட்கள். தண்ணீரில் கரையமாட்டா. அக்காலத்தில் மூலிகை இரசாயனவியலாளர் பெரும்பாலும் தேடியது இப்படிப்பட்ட பொருட்களைத்தான். ஐதரோகாபன், குளோரோபோம் போன்ற கரைப்பான்களில் ஊறவைத்து, அதில் இறங்கியதைத் துருவிப் பார்ப்பார்கள். தண்ணீரில் இறங்கும் பகுதி பிசுபிசுப்பானது, பிரிப்பதும் கஷ்டம். அதனால் அது பெரும்பாலும் ஓரமாய்க் கிடக்கும்.

ஆனால் நம் பாட்டன்மார் குவளையில் ஊற்றியது குளோரோபோம் இல்லையே, தண்ணீர்தானே!

ஜப்பானின் கியோட்டோ மருந்தியல் பல்கலைக்கழகத்தில் மசாயுகி யொஷிகாவாவின் குழு அந்த நீர்ப்பகுதியைக் கையில் எடுத்தது. பிரித்த ஒவ்வொரு பகுதியும் சீனியை உடைக்கும் நொதியத்தைத் தடுக்கிறதா என்று சோதித்துக்கொண்டே போனார்கள். 1997இல் சலசினோல் கிடைத்தது. அடுத்த ஆண்டு இன்னொன்று அகப்பட்டபோது, சிங்களப் பெயரையொட்டி அதற்குக் கொத்தலனோல் என்று பெயரிட்டார்கள். சலசினோல் 9 காபனும் 2 கந்தகமும் உடைய சிறு மூலக்கூறு. வெல்லத்தைப் போன்ற ஐந்து மூலை வளையம், அதில் ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தில் நேரேற்றம் பெற்ற கந்தகம். வாலில் மறையேற்றம் கொண்ட சல்பேற்று. ஒரே மூலக்கூறில் இரண்டு ஏற்றமும் இருப்பதால் அது உப்பைப் போல நடந்துகொள்கிறது, தண்ணீரில் நன்றாகக் கரைகிறது.

நாம் தின்னும் சோறும் பாணும் மாப்பொருள். சிறுகுடல் சுவரிலுள்ள நொதியங்கள் அதைக் குளுக்கோசாக உடைத்த பிறகுதான் அது இரத்தத்தில் ஏறும். சலசினோல் வெல்லத்தின் வேஷத்தில் போய் அந்த நொதியத்தின் வாயில் உட்கார்ந்துகொள்கிறது. உடைப்பு மெதுவாகிறது. டொக்டர்கள் எழுதும் அகார்போஸ் குளிசை செய்வதும் இதே வேலைதான்.

இதிலிருந்தே அதன் எல்லையும் விளங்கும். குடலில் மாப்பொருள் இருக்கும் நேரத்தில்தான் அதற்கு வேலை. விடியற்காலை வெறும் வயிற்றில் குடித்துவிட்டுப் பகல் இரண்டு மணிக்குப் புரியாணி சாப்பிடுகிறவருக்கு அது பெரிதாக உதவாது. நோன்புக் கஞ்சியின் அரிசியை அது தாமதப்படுத்தலாம். பேரீச்சம்பழத்தைத் தடுக்குமா? கனிந்த பேரீச்சையின் இனிப்பில் பெரும்பங்கு ஏற்கெனவே உடைந்த குளுக்கோசும் பிரக்டோசும். உடைக்க எதுவும் இல்லாத இடத்தில் தடுக்கவும் எதுவும் இல்லை. "குவளை இருக்கு, நாலஞ்சு ஈத்தம்பழம் தின்னலாம்" என்ற கணக்கு பிழை.

தண்ணீரின் நிறத்தை வைத்து மருந்தின் பலத்தை அளப்பதும் அப்படியே. நிறம் தருவது துவர்ப்புள்ள பொலிபீனோல்கள். சலசினோலுக்கு நிறமே கிடையாது. புற ஊதா ஒளியில் பார்க்கும் சாதாரண ஆய்வுக் கருவிக்கும் அது அகப்படுவதில்லை. திணிவு நிறமாலைமானி வேண்டும். அந்தக் கருவியால்தான் பிற்காலத்தில் சலேசியாச் சரக்குகளில் சலசினோல், கொத்தலனோல் அளவுகளைக் கணித்தார்கள். ஒரு குவளைக்கும் இன்னொரு குவளைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் சொல்ல ஏலாது.

மனிதரில் பலன் உண்டா? 2005இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில் இரண்டாம் வகை நீரிழிவுள்ள 51 பேருக்கு மூன்று மாதம் கொத்தலஹிம்புட்டுத் தேயிலையும், மூன்று மாதம் அதே மாதிரிப் பையில் வெறும் தேயிலையும் மாறி மாறிக் கொடுத்தார்கள். எது எதுவென்று நோயாளிக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. மூன்று மாதச் சீனிக் கணக்கான எச்பிஏ1சி வெறும் தேயிலையோடு 6.65, மூலிகையோடு 6.29. பலன் உண்மை. ஆனால் குளிசையை நிறுத்திவிட்டுக் குவளையை நம்பும் அளவுக்குப் பெரிதல்ல.

குளிசையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு இதையும் குடிக்கிறவர்கள் டொக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குத் திடீரென்று சீனி இறங்கி வியர்த்து நடுங்கினால், வழக்கம்போல் சீனித் தண்ணி கரைத்துக் கொடுப்பது தாமதமாகலாம். சீனியும் அதே நொதியத்தால் உடைய வேண்டிய பொருள்தான். குளுக்கோசுத் தூள் கொடுத்தால் நேரே இரத்தத்துக்குப் போகும். பார்மசியில் வாங்கி ஒரு பக்கெற் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.