டவுன்லோடு செய்யச் சொல்லாத கடை

2015 மே மாதம் மிந்த்ரா தன் இணையதளத்தை மூடியது. துணி வாங்க வேண்டுமானால் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள் என்றது. அதன் தாய் நிறுவனமான ஃபிளிப்கார்ட்டும் அதே ஆண்டு கைபேசி பிரவுசருக்கான தளத்தை நிறுத்தியிருந்தது. எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் வந்துவிட்டது, இனி செயலி போதும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அது பலிக்கவில்லை. 2016 ஜூனில் மிந்த்ராவின் கணினித் தளம் திரும்பி வந்தது.

செயலியை இறக்க டேட்டா வேண்டும், போனில் இடமும் வேண்டும். வாட்ஸ்அப் வீடியோக்களால் நிரம்பிய போனில் ‘ஸ்டோரேஜ் இல்லை’ என்று வந்தால், எப்போதோ ஒருமுறை திறக்கும் கடைச் செயலியைத்தான் முதலில் நீக்குவார்கள்.

ஃபிளிப்கார்ட் சீக்கிரமே வேறு வழி கண்டது. 2015 நவம்பரில் ‘ஃபிளிப்கார்ட் லைட்’ வந்தது. பிரவுசரில் திறக்கும் தளம், ஆனால் செயலியைப் போலவே இயங்கும். இந்த வகைக்கு ‘புரோகிரசிவ் வெப் ஆப்’ என்று அதே ஆண்டில் பெயர் வைத்தவர்கள் பிரான்சிஸ் பெரிமனும் அலெக்ஸ் ரஸ்ஸலும். இதன் உயிர்நாடி ‘சர்வீஸ் ஒர்க்கர்’ என்ற சிறு நிரல். முதல் தடவை தளத்தைத் திறக்கும்போதே பக்கத்தின் கட்டமைப்பு, லோகோ, பொத்தான்கள் எல்லாவற்றையும் அது போனிலேயே எடுத்து வைத்துக்கொள்ளும். மறுமுறை விலை, படம், இருப்பு விவரம் மட்டும் நெட்டில் வந்தால் போதும். நடுவில் சிக்னல் போனாலும் பக்கம் வெறுமையாகிவிடாது. முகப்புத் திரையில் ஐகானும் வைத்துக்கொள்ளலாம். லைட்டுக்கு வந்தவர்களில் 63 சதவீதம் பேர் 2ஜி இணைப்பில் வந்தவர்கள் என்கிறது கூகுள் வெளியிட்ட விவரம். செயலி மட்டும் போதும் என்றபோது வெளியே நிறுத்தப்பட்டவர்கள் இவர்கள்தான்.

இந்த வகைத் தளங்களுக்கு இடம்கொடுப்பதில் ஐபோன் பின்தங்கியே இருந்தது. முகப்புத் திரையில் சேர்த்த தளங்கள் அறிவிப்பு அனுப்ப ஆப்பிள் அனுமதித்தது 2023-இல்தான்.

தினமும் திறக்கும் உணவு, டாக்ஸி சேவைகளுக்குச் செயலி சரி. ஆண்டுக்கு நாலு புடவை வாங்கும் வாடிக்கையாளரை நம்பும் ஜவுளிக்கடைக்காரர் செயலி வேண்டும் என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன். செயலிக்குச் செலவழிக்கும் பணத்தில் தளத்தின் வேகத்தைக் கூட்டலாம். பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும் என்கிறது கூகுளின் அளவுகோல். ‘வாங்கு’ பொத்தானைத் தொடப்போகும் நேரத்தில் மேலே ஒரு படம் தாமதமாக வந்து பொத்தானைக் கீழே தள்ளிவிடும் எரிச்சலுக்கும் அதில் தனி மதிப்பெண் உண்டு.

பல தளங்கள் கோட்டைவிடுவது பணம் கட்டும் இடத்தில். இன்று பெரும்பாலோர் யுபிஐயில்தான் கட்டுகிறார்கள். ‘பணம் செலுத்து’ என்றதும் பிரவுசர் பின்னால் போய், ஜிபேயோ போன்பேயோ திறக்கும். பின் நம்பர் போட்டதும் மறுபடி கடைப் பக்கத்துக்கு வர வேண்டும். ரேம் குறைந்த போனில் இந்த இடைவெளிக்குள் ஆண்ட்ராய்டு அந்த பிரவுசர் பக்கத்தை நினைவிலிருந்து கழற்றிவிடலாம். திரும்பி வந்தால் பக்கம் முதலிலிருந்து லோடு ஆகிறது. கணக்கில் பணம் போய்விட்டது, ஆர்டரைக் காணோம். ஆயிரம் ரூபாய் போனவருக்கு அடுத்த அரைமணி நேரம் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் மறுபடி அந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்.

வாடிக்கையாளரின் பிரவுசர் திரும்பி வந்து சொன்னால்தான் ஆர்டர் பதிவாகும் என்று தளத்தைக் கட்டியதே இதற்குக் காரணம். பணம் சேர்ந்ததும் பேமென்ட் கேட்வே நிறுவனம் கடையின் சர்வருக்கு நேரடியாகத் தகவல் அனுப்பும் வசதி இருக்கிறது. ‘வெப்ஹூக்’ என்பார்கள். ஆர்டரை அதை வைத்து உறுதிசெய்தால் போன் அணைந்துபோனாலும் கவலையில்லை.

கடைக்காரர் இதைத் தானே சோதிக்கலாம். வீட்டில் இருப்பதிலேயே பழைய போனை எடுத்து, ஒரு ரூபாய்க்குப் பொருள் போட்டு ஆர்டர் செய்யுங்கள். யுபிஐ பின் நம்பர் போட்டுப் பணம் போனதும் கடைப் பக்கத்துக்குத் திரும்பாமல் பிரவுசரை மூடிவிடுங்கள். சற்று நேரத்தில் ஆர்டர் பட்டியலில் அது வந்திருக்க வேண்டும். வராவிட்டால், சரிசெய்த பிறகே தளத்தைத் திறக்கச் சொல்லுங்கள்.