ஊமைப்படத்துக்கு ஒரு டூயட்

திருவனந்தபுரம் காப்பிட்டல் தியேட்டரில் 'விகதகுமாரன்' ஓடியபோது அதில் பாட்டு கிடையாது. மலையாளத்தின் முதல் படம், ஊமைப்படம். 1928 என்பார்கள், 1930 என்று திருத்துபவர்களும் உண்டு. நம் அகஸ்தீஸ்வரத்து ஜே.சி. டேனியல் நிலத்தை விற்று எடுத்தது. தலித் பெண்ணான பி.கே. ரோஸி நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காத கூட்டம் திரையில் கல்லெறிந்தது. ரோஸி ஊரை விட்டே போக வேண்டியதாயிற்று.

அந்தக் கதையைத்தான் 2013இல் இயக்குநர் கமல் (நம்மவர் அல்ல, மலையாளத்துக் கமல்) 'செல்லுலாய்ட்' என்று எடுத்தார். எம். ஜெயச்சந்திரன் இசையில் ஜி. ஸ்ரீராமும் வைக்கம் விஜயலட்சுமியும் பாடிய 'காற்றே காற்றே' கேரளத்தின் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. வயல்வரப்பு மெட்டு, மெருகு குறைந்த குரல்கள். டப்பாங்குத்து எதிர்பார்த்தவர்கள்கூட முணுமுணுத்தார்கள்.

இந்த மெட்டுக்கு ஒரு பாட்டன் உண்டு. இந்தி, தமிழ் மெட்டுகளுக்கு வரி எழுதிக்கொண்டிருந்த மலையாள சினிமாவில், 1954இல் 'நீலக்குயில்' படத்துக்கு வானொலிக்காரரான கே. ராகவன் மண்ணின் மெட்டுகளைக் கொண்டுவந்தார். திருவனந்தபுரத்தை அடுத்த நேமத்தில் மெரிலாண்ட் ஸ்டூடியோ 1951லேயே வந்துவிட்டாலும், பாட்டுப்பதிவு என்றால் பெரும்பாலும் மதராஸுக்கு ரயிலேற வேண்டும்.

அங்கே பாடுவதே ஒரு சர்க்கஸ். டூயட் என்றால் ஆணும் பெண்ணும் ஒரே மைக் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். உச்சஸ்தாயி வந்தால் அரையடி பின்வாங்கி, தணிந்த வரிக்கு முன்னால் சாய வேண்டும். பாட்டுத்தாளைத் திருப்பினால் சரசரக்கும், அதனால் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். வயலின், தபலா எல்லாம் அதே ஹாலில். கடைசி சரணத்தில் ஒருவர் பிசகினால் பல்லவியிலிருந்து எல்லாரும் மறுபடி.

1980இல் யேசுதாஸ் திருவனந்தபுரத்தில் தரங்கிணி ஸ்டூடியோவைத் தொடங்கியதும் அந்த ரயில் பயணம் பலருக்கு மிச்சமானது. மலையாளப் பாட்டு ஸ்டீரியோ கேசட்டாக வீட்டுக்கு வந்தது தரங்கிணி வழியாகத்தான். கரமனையில் பிறந்த சித்ரா, எம்.ஜி. ராதாகிருஷ்ணன் கைபிடித்து சினிமாவுக்குள் நுழைந்த காலமும் அதுதான். 1992இல் தரங்கிணியே சென்னைக்கு இடம்பெயர்ந்தது வேறு கதை.

இன்று ஜோடிப்பாட்டுக்கு ஜோடி தேவையில்லை. ஒருவர் கொச்சியில் பாடி அனுப்புவார், மற்றவர் வேறொரு நாள், வேறொரு ஊரில், ஹெட்போனில் ட்ராக்கைக் கேட்டுப் பாடுவார். இருவரும் முதன்முதலாகச் சந்திப்பது பாடல் வெளியீட்டு மேடையில் என்றாலும் ஆச்சரியமில்லை. சுருதி விலகினால் கணினி இழுத்து நேராக்கிவிடும். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லாக் குரலும் ஒரே இஸ்திரிப் பெட்டியில் தேய்த்த சட்டையாக வருகிறது.

'காற்றே காற்றே' பிழைத்தது அப்படித் தேய்க்கப்படாததால்தான் என்பது என் கட்சி. விஜயலட்சுமி பார்வையற்றவர், ஒற்றைக் கம்பி காயத்ரி வீணை வாசிப்பவர், அப்போது சினிமாவுக்குப் புதியவர். அந்தக் கம்பியின் கமகம் குரலிலும் இருக்கிறது, தேய்க்காமல் விட்டார்கள். கேரள அரசு அவருக்கும் ஸ்ரீராமுக்கும் சிறப்புப் பாராட்டு கொடுத்தது, இசையமைப்பாளர் விருது ஜெயச்சந்திரனுக்கு. மறு ஆண்டு 'நடன்' படப் பாட்டுக்காக விஜயலட்சுமி மாநிலத்தின் சிறந்த பாடகியானார். தமிழில் இமான் இசையில் 'புதிய உலகை' பாடியதும் 'சொப்பன சுந்தரி' பாடியதும் இவரேதான்.